கோடு எங்கே போயிற்று? – கோட்டோவியங்களுக்குச் சட்டம் இட்டவர்களின் கதை



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியேறுகையில், பங்கு மண்டபத்தின் வாசற் சுவரில் வெறுமையாய் நிற்கும் ஆணியைக் கண்டு உங்களில் பலர் என்னிடம், "பாதர், அந்தக் கோயிற் படம் எங்கே?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விடையளிக்க அன்று நேரமிருக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், துணிவும் இருக்கவில்லை. அந்த விடையை இன்று எழுதுகிறேன். பதிவு நீளமானது. பொறுமையோடு வாசியுங்கள்.

அந்தப் படத்தை அழித்தவன் நான்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதை என் கையில் தந்தார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன், பெயரைத் தவிர்க்கிறேன். பள்ளிக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். அதில் அவருடைய மகன் நீல நிறக் குமிழ்முனைப் பேனாவால் தம் ஊர்க் கோயிலைக் கீறியிருந்தான். முகப்பு, மணிக்கூண்டு, பக்கத்தில் இரண்டு தென்னைகள், படியில் அமர்ந்திருக்கும் ஒரு நாய். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. இரண்டு ஆண்டுகளின் பின் வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. தாயோ அந்தத் தாளை நான்காய் மடித்துச் செபப் புத்தகத்துள் வைத்துக்கொண்டு, இடம்பெயர்வுகளையும் முகாமையும் கடந்து இந்தப் பலெர்மோ நகர்வரை வந்து சேர்ந்தார். "எல்லாரும் பாக்கட்டும் பாதர்" என்று சொல்லித் தந்தார்.

அதைச் சிறப்பிக்க எண்ணினேன். மடிப்புகள் தெரியாதிருக்க ஒரு மட்டையில் முழுவதுமாகப் பசையிட்டு ஒட்டுவித்தேன். பொன்னிறச் சட்டம் போடுவித்தேன். சன்னலுக்கு நேரெதிரே, நல்ல வெளிச்சம் விழும் இடம் பார்த்து மாட்டினேன். சிசிலியின் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாள்தோறும் அதைக் கடந்து நடந்தேன். அது மங்குவதைக் காணவில்லை. இவ்வாண்டு தவக்காலத்தில் அந்தத் தாய் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்து நெடுநேரம் நின்றார். பின் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பாதர், அவன் கீறினது எங்கை போச்சு?"

மழையிலும் வெயிலிலும் ஓடிய இடப்பெயர்வில் அழியாத தாள், என் சுவரில் அழிந்திருந்தது.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எனவே கோட்டோவியங்களை மனிதர் எவ்வாறு காத்தனர், எவ்வாறு சட்டமிட்டனர், எவ்வாறு காட்சிக்கு வைத்தனர் என்பதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். என் பிழை தனிப் பிழையன்று என்பதையும் அங்கேதான் அறிந்தேன். ஐந்நூறு ஆண்டுகளாக, கோட்டோவியங்களை மிகுதியாய் நேசித்தவர்களே அவற்றுக்கு மிகுதியாய்த் தீங்கு செய்திருக்கிறார்கள். அந்தத் தீங்கிலிருந்து அவர்கள் மெல்ல மெல்லக் கற்ற பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய இத்தாலியப் பட்டறைகளில் கோட்டோவியம் ஒரு கருவி. தச்சனுக்கு அளவுகோல் எப்படியோ, ஓவியருக்கு அது அப்படி. சுவரோவியமோ பீட ஓவியமோ முடிந்தபின், அதற்காகக் கீறிய தாள்கள் சீடர்களின் கைக்குப் போகும், கிழியும், எறியப்படும். சுவரில் மாட்டுவதற்கு உரிய பொருளாக அது கருதப்படவில்லை.

இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜோ வசாரி (1511–1574). ஓவியர்களின் வரலாற்றை 1550இல் முதலிலும், விரிவாக்கி 1568இல் மறுபடியும் வெளியிட்டவர் அவரே. 1528இல், பதினேழு வயது இளைஞராக இருந்தபோது, புளோரன்ஸ் நகரத் திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவுகளைச் செய்த கிபெர்த்தியின் வழிவந்த ஒருவரிடமிருந்து சில பழைய கோட்டோவியங்களைப் பெற்றார். அவையே அவருடைய பெருந்தொகுப்பின் வித்து. நாளடைவில் அது பல பாகங்கள் கொண்ட 'கோட்டோவிய நூல்' ஆயிற்று.

வசாரி செய்தது என்ன? பெரிய தாள்களில் பழைய ஓவியர்களின் கோட்டோவியங்களை ஒட்டினார். ஒட்டியபின், அவற்றைச் சுற்றித் தாமே பேனாவாலும் பழுப்பு நிறப் பூச்சாலும் சட்டங்களை வரைந்தார். தூண்கள், வளைவுகள், மாடங்கள் என்று ஒரு கட்டடத்தையே தாளில் எழுப்பினார். மரச்சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை, வரைந்த சட்டம் மட்டுமே. பிலிப்பினோ லிப்பி, பொத்திச்செல்லி ஆகியோரின் கோட்டோவியங்கள் ஒட்டிய அத்தகைய பக்கம் ஒன்று இன்று வாசிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. பாரிசிலுள்ள நுண்கலைக் கல்லூரியில் இருக்கும் மற்றொரு பக்கம் இன்னும் சுவையானது. அதில் உள்ளதைப் பழம்பெரும் ஓவியர் சிமாபுவேயின் கைவண்ணம் என்று வசாரி நம்பினார். ஆகவே அதற்குக் கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் சட்டம் வரைந்தார். அந்தப் பாணியைத் தம் எழுத்தில் இகழ்ந்தவர் அவர். ஆயினும் தாளுக்கு அதன் காலத்து ஆடையையே அணிவித்தார். அந்தப் பக்கத்தில் இருப்பது சிமாபுவேயின் கோடு அன்று என்பது பிற்கால அறிஞர் முடிவு. சட்டம் பிழைத்தது, சட்டம் சொன்ன பெயர் பிழைக்கவில்லை.

இங்கே ஓர் உண்மை தெரிகிறது. சட்டமிடுபவர் எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்ல விரும்புகிறார். வசாரி, "இது மேன்மையானது" என்று சொன்னார். அவர் சொன்னதால்தான் உலகம் கோட்டோவியங்களை எறிவதை நிறுத்தியது. அதே வேளை, அவர் இட்ட பசை தாளின் பின்புறத்தை மூடியது. பின்புறத்திலும் ஓவியர் ஏதேனும் கீறியிருக்கக்கூடும் அல்லவா?

அந்தக் கேள்வியை அடுத்த தலைமுறையில் ஒருவர் தம் வழியில் எதிர்கொண்டார். சிற்பி பொம்பேயோ லியோனி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், லியொனார்தோ தா வின்சி விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான தாள்களில் பெரும்பகுதியைக் கைப்பற்றினார். அவற்றைப் பெரிய அல்பங்களாகத் தொகுத்தார். இருபுறமும் எழுதிய தாள்களுக்காக, அல்பப் பக்கத்தின் நடுவே சாளரம் வெட்டி, ஓரத்தை மட்டும் ஒட்டினார். முன்னும் பின்னும் பார்க்கலாம். அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் பொறியியலை ஓர் அல்பத்திலும் உடலியலையும் கலையையும் மற்றோர் அல்பத்திலும் பிரித்துவைக்க விரும்பி, சில தாள்களைக் கத்தரித்தும் விட்டார். லியொனார்தோ ஒரே தாளில் நினைத்தவற்றை அவர் இரண்டாக்கினார். இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில் உள்ள சில துண்டுகள், மிலானோவின் அம்புரோசியானா நூலகத்தில் உள்ள தாள்களின் ஓட்டைகளுக்குச் சரியாகப் பொருந்துகின்றன.

இனி வருபவர் ஒரு குரு. என் மனத்துக்கு மிகவும் நெருங்கியவர். அருள்தந்தை செபஸ்தியானோ ரெஸ்தா (1635–1714). மிலானோவில் பிறந்து, உரோமையில் புனித பிலிப்பு நேரியின் ஒரட்டோரியன் சபையில் குருவாக வாழ்ந்தவர். அந்தச் சபையின் பெயர் நமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்த புனித யோசப் வாஸ் அடிகளார், கோவாவில் அதே புனித நேரியின் ஒழுங்கைப் பின்பற்றிய சபையைச் சேர்ந்தவரே. இருவரும் ஒரே காலத்தவர். ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் வன்னிக் காடுகளில் நடந்த ஆண்டுகளில், மற்றவர் உரோமையில் தாள்களைத் திரட்டிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில் மனம் நெகிழ்கிறது.

தந்தை ரெஸ்தா கோட்டோவியங்களை அல்பங்களாக அமைத்தார். ஓவியக் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கற்கும் வகையில் அவற்றை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தாளின் அருகிலும் அது யார் கீறியது, எங்கிருந்து வந்தது, எந்த ஓவியத்துக்கு முன்னோடி என்று தம் கையால் குறிப்பெழுதினார். பல இடங்களில் ஆர்வம் அறிவை முந்திற்று. கொரேஜோ என்ற ஓவியர்மேல் கொண்ட பற்றால், அவர் கீறாதவற்றையும் அவர் பெயரில் எழுதிவிட்டார். ஆனால் அந்த அல்பங்களை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. விற்று, அறப்பணிகளுக்குப் பணம் திரட்டினார்.

அரெஸ்ஸோ ஆயர் மார்க்கெத்தியிடம் சென்றவை 16 பாகங்கள். ஆயர் 1704இல் இறந்தபின், அவருடைய உறவினர் அவற்றை இங்கிலாந்தின் சோமர்ஸ் பிரபுவுக்கு விற்றனர். பிரபு 1716இல் இறந்தார். மறு ஆண்டு அல்பங்கள் பிரிக்கப்பட்டு, தாள்கள் தனித்தனியே விற்கப்பட்டன. தந்தை ரெஸ்தாவின் குறிப்புகள் தாள்களிலிருந்து பிரிந்தன.

ஆனால் பிரிப்பதற்கு முன்னர் யாரோ கவனமுள்ளவர்கள் இரண்டு காரியங்களைச் செய்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை முழுவதும் வேறு ஏட்டில் படியெடுத்தார்கள். ஒவ்வொரு கோட்டோவியத்திலும் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் சிறிதாகப் பொறித்தார்கள். எழுத்து எந்த அல்பம் என்பதையும், எண் அதில் எத்தனையாவது என்பதையும் காட்டும். அந்த ஏடு இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் தாள்களின் அந்தச் சிற்றெழுத்தைக் கொண்டு, அவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கண்டறிகிறார்கள். சிதறிப்போன மக்களாகிய நமக்கு இதன் அருமை விளங்கும்.

சிதறாமல் தப்பிய அல்பங்களும் உண்டு. ஒன்று மிலானோவின் அம்புரோசியானாவில். தந்தை ரெஸ்தா அதற்கு 'கையிலேந்தும் ஓவியக்கூடம்' என்று பொருள்படப் பெயரிட்டார். இன்னொன்று எங்கே என்று நினைக்கிறீர்கள்? இதே பலெர்மோவில், நகராட்சி நூலகத்தில். பல்லரோ சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது நீங்கள் கடந்து செல்லும் பழைய இயேசு சபை இல்லத்தின் கட்டடத் தொகுதியில் இருக்கிறதே, அந்த நூலகந்தான். இத்தனை ஆண்டுகளாக நானும் கைப்பையோடு அதைக் கடந்து போயிருக்கிறேன்.

மூடிய புத்தகமே தாளுக்கு மிகப் பழைய பாதுகாப்பு. ஒளி புகாது, தூசி புகாது, பக்கங்கள் ஒன்றையொன்று அழுத்தித் தாளை நேராக வைத்திருக்கும். திறக்கும் நேரத்தில் மட்டும் கோடு வெளிச்சத்தைக் காணும். அந்தத் தாயின் செபப் புத்தகமும் இந்த வேலையைத்தான் செய்தது. அவர் அறியாமலே செய்தது சரி. நான் ஆராய்ந்து செய்தது பிழை.

புத்தகத்திலிருந்து தனித் தாளுக்கு வந்த கதை பாரிசில் நிகழ்கிறது. பியேர் குரோசா என்ற பெருஞ்செல்வர் ஏறத்தாழ 19,000 கோட்டோவியங்களைச் சேர்த்திருந்தார். 1740இல் அவர் இறந்தபோது, அவற்றை விற்று அந்தப் பணத்தைப் பாரிஸ் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். 1741இல் நடந்த அந்த ஏலத்தின் பட்டியலை எழுதியவர் பியேர் ழான் மரியெத் (1694–1774). அவரும் பெரும் சேகரிப்பாளர். கோட்டோவியத்துக்குச் சட்டமிடும் கலையில் இன்றுவரை பேசப்படும் பெயர் அவருடையது.

மரியெத்தின் முறை இது. தடித்த மட்டைமேல் நீலத் தாள். அதன் நடுவே கோட்டோவியம். கோட்டோவியத்தைச் சுற்றிப் பொன்னிறப் பட்டையும் மெல்லிய மைக்கோடுகளும். கீழே, சிறு கல்வெட்டுப்போல் வரைந்த கட்டத்துள், ஓவியரின் பெயர் இலத்தீனில் பெரிய எழுத்துகளில். பழுப்பு மையும் செஞ்சுண்ணமும் அந்த நீலத்தின்மேல் உயிர்பெற்று எழும். அவருடைய தொகுப்பு 1775–76இல் ஏலம் போனபோது, பிரான்சிய அரசர் சார்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் வாங்கப்பட்டன. அவை இன்று லூவரில் உள்ளன. எந்த அருங்காட்சியகத்தில் அந்த நீலத்தைக் கண்டாலும், அறிந்தவர்கள் 'மரியெத்' என்றே சொல்வார்கள்.

அந்த அழகுக்கும் ஒரு விலை இருந்தது. கட்டத்துக்குள் பொருந்துவதற்காகச் சில தாள்களை அவர் ஓரம் வெட்டினார். சிலவற்றுக்குத் துண்டு சேர்த்து, விடுபட்ட கோடுகளைத் தாமே நிரப்பினார். இருபுறமும் கீறிய சில தாள்களை, அவற்றின் தடிப்பையே நடுவாக உரித்து, இரண்டு தாள்களாக்கினார். மட்டைக்குத் தாள் பணிந்தது. தாளுக்கு மட்டை பணியவில்லை.

அதே நூற்றாண்டில் இலண்டனில் அடக்கமான ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தானியேல் சொலாண்டர் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர், கப்டன் குக்கின் கப்பலில் 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றியவர். தாள்களையும் காய்ந்த செடிகளையும் வைப்பதற்கு, புத்தகம்போல் தோன்றி, பெட்டிபோல் திறக்கும் ஒரு பேழையை அமைத்தார். திறந்தால் ஒரு பக்கம் மேசையில் படுத்துவிடும். உள்ளிருக்கும் தாள்களைக் கசக்காமல் எடுக்கலாம். இன்றும் அதன் பெயர் சொலாண்டர் பெட்டி. பசையில்லாத, வெட்டில்லாத முறை. புத்தகத்தின் இருளும் தனித் தாளின் விடுதலையும் அதில் ஒன்றுசேர்ந்தன.

ஆனால் மக்கள் பார்க்க விரும்பினார்கள், அதில் தவறில்லை. புரட்சிக்குப்பின், 1797இல், லூவரின் அப்பல்லோ கூடத்தில் கோட்டோவியங்கள் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அரசரும் செல்வரும் மட்டுமே திறந்து பார்த்த தாள்களை எளியோரும் கண்டனர். 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியும் சட்டமும் மலிந்தன. கோட்டோவியம் வீட்டுச் சுவருக்கும் வந்தது.

இரண்டு பகைவர்களும் கூடவே வந்தனர். முதற் பகைவன் மட்டை. பழைய தாள்கள் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டவை, நூற்றாண்டுகள் தாங்கின. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழால் செய்த தாளும் மட்டையும் பெருகின. அவற்றில் மரத்தின் லிக்னின் இருந்தது. படிகாரமும் பிசினும் இட்ட அமிலமும் இருந்தது. அந்த அமிலம் மட்டையிலிருந்து கோட்டோவியத்துக்கு ஊர்ந்து செல்லும். உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாருங்கள். மட்டையின் சாளர ஓரம் பட்ட இடத்தில், தீயில் வாட்டியது போன்ற ஒரு பழுப்புக் கோடு நான்கு பக்கமும் இருக்கும். எரித்தது தீயன்று, அருகில் இருந்த மட்டை.

இரண்டாம் பகைவன் ஒளி. அது வண்ணங்களை எவ்வாறு அழிக்கிறது என்பதை 1888இல் ரசல், அப்னி என்ற இரு அறிவியலாளர் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையில் சோதனைகளோடு காட்டினர். ஒளி செய்யும் தீங்கு சேர்ந்துகொண்டே போவது. ஒருநாள் அதிகமாகப் பட்டதை மறுநாள் இருளில் வைத்து ஈடுசெய்ய இயலாது. ஹென்றி வோன் என்ற சேகரிப்பாளர் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஓவியர் டர்னர் நீர்வண்ணத்தில் தீட்டிய 38 படைப்புகளை அவர் ஸ்கொத்லாந்துக்கு விட்டுச் சென்றபோது ஒரு நிபந்தனை விதித்தார். ஆண்டில் ஜனவரி மாதம் மட்டுமே, கட்டணமின்றி, அவற்றைக் காட்டவேண்டும். ஜனவரி அந்நாட்டில் வெளிச்சம் குறைந்த மாதம். 1900இல் எடின்பரோ தேசிய ஓவியக்கூடம் அந்தக் கொடையை ஏற்றது. அந்த வண்ணங்கள் இன்றும் பொலிவோடு இருக்கின்றன.

ஐந்நூறு ஆண்டு அனுபவத்தின் முடிவில் இன்றைய அருங்காட்சியகங்கள் பின்பற்றும் முறை வியக்கத்தக்க எளிமை உடையது. பருத்தி நாரால் செய்த, அமிலமற்ற இரண்டு மட்டைகள் ஒரு பக்கத்தில் கீலிட்டுப் புத்தகம்போல் இணைக்கப்படும். மேல் மட்டையில் சாளரம் வெட்டப்படும். இத்தாலியரும் இதைப் பிரெஞ்சுப் பெயரால் 'பாஸ்பார்த்து' என்பர். கோட்டோவியம் மட்டையில் ஒட்டப்படுவதில்லை. மல்பெரி மரப்பட்டை நாரால் செய்த மெல்லிய யப்பானியத் தாளின் இரு சிறு துண்டுகளால், மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடப்படும். பசை, கோதுமை மாவிலிருந்து பிரித்த மாச்சத்தைக் காய்ச்சியது. நூறு ஆண்டுகளின் பின்னும் சிறிது ஈரம் பட்டால் அது இளகிவிடும். காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் விரியவும் சுருங்கவும் இடமுண்டு. கண்ணாடி தாளைத் தொடாது. மேல் மட்டையின் தடிப்பு இரண்டையும் பிரித்துவைக்கும். யப்பானிய நார் கோட்டோவியத் தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்குமாறு தேர்ந்தெடுக்கப்படும். ஏன் தெரியுமா? சட்டம் தவறி விழுந்து ஏதேனும் கிழிய நேர்ந்தால், கிழிவது கீலாக இருக்கவேண்டும், கோட்டோவியம் கிழியலாகாது.

காட்சிக்கு வைக்கும்போது ஒளியின் அளவு ஏறத்தாழ 50 லக்ஸ். நம் நண்பகல் வெயில் ஓர் இலட்சம் லக்ஸைத் தொடும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாதங்கள் காட்டியபின், தாள் பல ஆண்டுகள் பெட்டியின் இருளில் ஓய்வெடுக்கும்.

லியோனி ஒட்டிய லியொனார்தோ தாள்களுக்கும் இறுதியில் இந்த விடுதலை கிடைத்தது. உரோமைக்கு அருகிலுள்ள குரோத்தாபெராத்தா மடத்தின் துறவிகள் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அவற்றைப் பழைய அல்பத்திலிருந்து பிரித்துச் சீர்செய்து, 12 பாகங்களாகக் கட்டினர். பின்னர், நம் காலத்தில், அந்தப் பாகங்களும் பிரிக்கப்பட்டு, 1,119 தாள்களும் தனித்தனிப் பாஸ்பார்த்துகளில் வைக்கப்பட்டன. நல்ல உள்ளத்தோடு ஒரு தலைமுறை செய்ததை, அதே நல்ல உள்ளத்தோடு அடுத்த தலைமுறை அவிழ்த்தது. அவிழ்க்க முடியுமாறு செய்ததே முன்னோரின் பெருமை.

இதுவே நான் கண்ட பாடம். நாம் நேசிக்கும் ஒன்றுக்குச் செய்யும் எதுவும், பின்வருவோர் அவிழ்க்கக் கூடியதாய் இருக்கவேண்டும். நான் இட்ட பசைக்கு அந்தத் தாழ்மை இருக்கவில்லை. என் முடிவே இறுதி முடிவு என்று அது சொல்லிற்று. மடிப்புகளை மறைக்க எண்ணினேனே, அந்த நான்கு மடிப்புகளும் அந்தத் தாய் நடந்த வழி அல்லவா? அவற்றை மறைக்க எனக்கு என்ன உரிமை?

படத்தைத் தாள் பாதுகாப்பில் தேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். தாயையும் அழைத்துச் சென்றேன். அந்த வல்லுநர் நெடுநேரம் பார்த்தார். பசை நாரோடு நாராய் ஊறிவிட்டது. உரித்தால் தாள் போய்விடும். குமிழ்முனைப் பேனாவின் நீலம் திரும்ப வராது என்றார். "நம் இளைஞர் ஒருவரைக் கொண்டு அதே கோட்டின்மேல் மெல்ல எழுதுவித்தால் என்ன?" என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். "எழுதலாம். ஆனால் அது அந்தப் பிள்ளையின் கோடாக இராது" என்றார்.

பின் அவர் அறை விளக்கை அணைத்தார். ஒரு சிறு கைவிளக்கைத் தாளின் ஓரத்தில், மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்தார். ரபாயேல் போன்ற பழைய ஓவியர்கள் மை தொடுமுன் கூர்முனையால் தாளில் அழுத்திக் கீறிய நிறமற்ற கோடுகளை அறிஞர்கள் இப்படித்தான் காண்பார்களாம். வெற்றுத் தாளில் நிழல் விழுந்தது. முகப்பு எழுந்தது. மணிக்கூண்டு எழுந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை பேனாவை அழுத்திய அழுத்தம் தாளில் பள்ளமாய்ப் பதிந்து, அங்கேயே இருந்தது. நாயின் வால்கூட இருந்தது.

தாய் ஒன்றும் பேசவில்லை. விரலைத் தாளுக்குச் சற்று மேலே, தொடாமல், அந்தக் கோட்டின் வழியே நகர்த்திக்கொண்டிருந்தார். வல்லுநர் விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அந்தச் சாய்வொளியிலேயே படம் பிடித்துக்கொண்டோம். மூலத் தாள் இப்போது அமிலமற்ற பெட்டியொன்றில், தாயின் வீட்டில் இருக்கிறது. மண்டபத்தின் ஆணியில் அந்தப் புகைப்படத்தின் பிரதி வரும். வெயில் அதை எவ்வளவும் அழிக்கட்டும், மறுபடி அச்சிடுவோம்.

இறுதியாகச் சில வேண்டுகோள்கள். உங்கள் வீடுகளிலும் இத்தகைய தாள்கள் இருக்கும். பிள்ளைகளின் முதற் படம், ஊரிலிருந்து வந்த கடிதம், அப்பாவின் கையெழுத்து. அவற்றைச் சுவரில் மாட்ட விரும்பினால் முதலில் நல்ல பிரதி எடுத்து, பிரதியையே மாட்டுங்கள். மூலத்தை மட்டையில் ஒட்டவேண்டாம். செலோ ரேப் அறவே வேண்டாம். அமிலமற்ற தாளுறையில், தட்டையாக, அலுமாரியின் நடுத் தட்டில் வையுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டியும், சமையலறைக்கு அருகிலும் வேண்டாம். உங்களில் பலர் இந்நகரத்து வீடுகளில் பிறருடைய படங்களைத் துடைத்துப் பராமரிக்கிறீர்கள். கண்ணாடியில் திரவத்தை நேரே தெளிக்காதீர்கள்; துணியில் தெளித்துத் துடையுங்கள். தெளித்தால் அது கீழே வழிந்து, சட்டத்துள் புகுந்து, தாளை நனைக்கும். உங்கள் கைகளில் இருப்பது இன்னொருவரின் நினைவு.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின், கோதுமை மாப்பசை காய்ச்சிக் கீல் இடும் முறையை மண்டபத்தில் செய்து காட்ட அந்த வல்லுநர் இசைந்திருக்கிறார். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒட்டிவிட்ட படங்கள் வைத்திருப்பவர்களும் அவற்றைக் கொண்டுவாருங்கள். வெட்கப்படவேண்டாம். முதலில் நான் என்னுடையதைக் காட்டுவேன்.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை